படிக்காத பீரோ

மெதுவா, மெதுவாம்மா. அந்த எடத்துலதான் பிளேட்டு வச்சிருக்காங்க. போன வாரம் வரைக்கும் வந்த பிசியோதெரபி தம்பி இப்படி அழுத்த மாட்டாரு. சரி, அழுத்துங்க. வலிச்சாத்தான் மடங்கும்னா வலிக்கட்டும். நான் வலிக்குப் பயந்தவன் இல்ல.

காலு எப்படி ஒடிஞ்சுச்சுன்னா கேக்குறீங்க? ஆஸ்பத்திரிச் சீட்டுல என்ன எழுதியிருக்கு? பீரோ சரிஞ்சு விழுந்துச்சுன்னு. நான்தான் அப்படி எழுதச் சொன்னேன். அருப்புக்கோட்டையில எறங்கி சீனிராஜ் ஸ்டீல்ஸ்னு கேட்டுப் பாருங்க, சின்னப் புள்ளை கூடக் கை காட்டும். இந்த ஊர்ச் சீர்வரிசையில பாதி பீரோ என் பட்டறையில அடிச்சது. சீனிராஜ் அடிச்ச பீரோ அவன் மேலேயே விழுந்துச்சுன்னா ஊரு சிரிக்காதா? சிரிச்சுட்டுத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு சொல்றேன் பாப்பா, அது தானா விழல. தள்ளுனது. என் சம்சாரம் இந்திராணி தள்ளுனா.

கையை எடுக்காதீங்க. பிடிச்சுக்கிட்டே கேளுங்க.

எல்லாம் புத்தகத்தால வந்த வினை. அந்தா, அந்த ரூம்ல எட்டிப் பாருங்க, ரெண்டு பீரோ நிக்குது. மூணாவது ஒண்ணு இருந்துச்சு, அதுதான் என் மேல படுத்தது. மூணுலயும் இருந்தது புத்தகம். வேட்டி சட்டை கெடையாது, நகை நட்டு கெடையாது, பூரா புத்தகம். மதுரையில கண்காட்சி போட்டா முதல் நாளே போயிருவேன், பை பையா வாங்குவேன். வாசகர் வட்டத்துக்குப் பத்து வருசமா நான்தான் தலைவர். ஜெபமணின்னு ஒருத்தர், மருந்துக்கடை வச்சிருக்காரு, அவருதான் செயலாளர். அவர் கடை மாடியிலதான் கூட்டம். மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை. நான் பேச எந்திரிச்சா எல்லாரும் நிமிந்து உக்காருவாங்க. அப்படிப் பேசுவேன்.

படிச்சிருக்கேனான்னு கேக்காதீங்க. பின்னட்டையைப் படிச்சா போதும். முன்னுரையைப் படிச்சா தாராளம். பட்டறையைப் பாக்குறவனுக்கு நானூறு பக்கம் படிக்க ஏது நேரம்? ஊர்ல எல்லாத் தலைவரும் அப்படித்தான்.

இந்த வருசம் சனவரியில ஜெபமணி ஒண்ணைக் கெளப்பி விட்டாரு. "ஐயா, நாம வாங்கி வாங்கிக் குவிக்கிறோம், படிக்கிறதில்ல. இந்த வருசம் ஒரு சவால் வைப்போம். புதுசு ஒண்ணும் வாங்கக் கூடாது. வீட்ல படிக்காம கெடக்கிற சொந்தப் புத்தகத்தைத்தான் படிக்கணும். மாசா மாசம் வந்து சொல்லணும், மத்தவங்க கேள்வி கேப்பாங்க"ன்னாரு. வருசக் கடைசியில யாரு அதிகம் முடிச்சாங்களோ அவங்களுக்குச் சால்வை. எல்லாரும் என்னைத்தான் பாத்தாங்க. வேண்டாம்னு சொல்ல முடியுமா? "நல்ல யோசனை, நானே முதல் ஆளா வர்றேன்"னுட்டேன்.

ரெண்டு மாசம் பின்னட்டையை வச்சே ஓட்டிட்டேன். அதுக்கப்புறம் கண்ணுல புரை. ஆப்பரேசன் பண்ணுனதும் சர்க்கரையால புண்ணு ஆறல. கட்டு போட்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டி, ஒரு எழுத்துக்கூடப் பாக்கக் கூடாதுன்னுட்டாங்க. அப்பத்தான் இந்திராணியைக் கூப்பிட்டேன். "நீ படி. படிச்சு எனக்குக் கதையைச் சொல்லு. நான் போயிப் பேசிக்கிறேன்."

அவ பத்தாவது வரைக்கும் படிச்சவ. எங்க வீட்டுக்கு வந்த பிறகு நியூஸ் பேப்பரைக் கூடப் பொட்டலம் பிரிக்கத்தான் தொட்டிருப்பா. அப்புறம் அவளுக்கு இடது காது மந்தம். எம்பொண்ணு பொற்கொடி பெறந்த வருசம் காதுல ஏதோ சீழ் வச்சு அப்படியே ஆயிப்போச்சு. இவளுக்கு என்ன புரியப் போகுதுன்னு நெனைச்சேன். ஆனா படிச்சா பாருங்க! மத்தியானம் ஏனத்தைக் கழுவிக் கவுத்துட்டு வந்து பீரோவுக்கு முன்னாடி ஸ்டூலைப் போட்டா, சாயங்காலம் விளக்கேத்துற வரைக்கும் எந்திரிக்க மாட்டா. பாலு பொங்கி ஊத்துனாக்கூடத் தெரியாது. அதுக்கு ரெண்டு வாங்கியும் இருக்கா. ஆனா கதை சொன்னா கண்ணு முன்னாடி நிக்கும். நான் அதைக் கொண்டுபோயி மைக்குல சொல்லுவேன். கைதட்டு பொளக்கும். "ஐயா முன்ன விட இப்பத்தான் ஆழமாப் பேசுறாரு"ன்னு ஜெபமணியே சொன்னாரு.

ஆ! அங்க வேண்டாம்மா, அங்க வேண்டாம். ம்ம். இப்பப் பரவாயில்ல.

மே மாசக் கூட்டத்துல ஒரு சங்கடம். ரஞ்சிதம்னு ஒரு அம்மா வட்டத்துல உண்டு, பெரியாஸ்பத்திரியில நர்ஸா இருந்து ரிட்டையர்டு ஆனவங்க. அந்தம்மா எந்திரிச்சு, "அந்தக் கதையில வர்ற மகளோட பேரு என்னங்கய்யா?"ன்னு கேட்டுருச்சு. எனக்குத் தெரியல. இந்திராணி எனக்குச் சொல்லல. அத்தனை பேரு முன்னாடி நான் 'அது வந்து, அது வந்து'ன்னு நின்னேன். வீட்டுக்கு வந்ததும் பட்டறையில தகடு அளக்கிற இரும்பு ஸ்கேலை எடுத்தேன். கையை நீட்டச் சொன்னேன். இடது கையைத்தான் நீட்டச் சொன்னேன், பக்கம் புரட்டுற கை வலது கையில்ல? எனக்கும் யோசனை உண்டு. ரெண்டு விரல் வீங்கிருச்சு. "பேரு எல்லாம் இனிமே மறக்காமச் சொல்றேன்"னா. அவ்வளவுதான். எங்களுக்குள்ள அது பெரிய விசயமே இல்ல.

அடுத்த மாசத்துக்கு ஒரு நாவலை எடுத்தா. நல்ல மொத்தமான புத்தகம். தூத்துக்குடிப் பக்கம் நடக்குற கதைன்னா. ஒரு படகுக்காரன், அவன் பொண்டாட்டி, ஒரு பொண்ணு. தெனமும் கொஞ்சம் கொஞ்சமாச் சொன்னா. எனக்குக் கண்ணுல கட்டு, சாஞ்சுக்கிட்டுக் கேப்பேன்.

அந்தப் படகுக்காரன் மாதிரிப் பாவியை நீங்க பாத்திருக்க மாட்டீங்க. கல்யாணமாகி மூணாம் நாள் கொழம்புல உப்புக் கூடிப்போச்சுன்னு கொதிக்கிற சட்டியோட தூக்கி அவ காலுல ஊத்துறான். கைப்புள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டு இருக்கிறவளை, வாசல்ல எவன்கிட்டயோ பேசுனேன்னு சொல்லிக் கன்னத்துல அறையுறான். காதுல இருந்து ரெத்தம் வந்து புள்ளை நெத்தியில சொட்டுது. சொட்டுன ரெத்தத்தை அவ முந்தானையால தொடைச்சுவிட்டுட்டு மறுபடி பாலைக் குடுக்கிறா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி, துணி காயப்போடுற கொடிக்கம்பி பட்டுருச்சுன்னு அவளையே சொல்ல வைக்கிறான். துடுப்புக் கட்டையால விரலை நசுக்குறான். சொல்லும்போது இந்திராணி குரலு ஏறாது, எறங்காது. அரிசி பொறுக்குற மாதிரி சொல்லிக்கிட்டே போவா. எனக்குத்தான் தாங்கல. மெய்யாச் சொல்றேன், கட்டுக்குள்ள கண்ணீர் வந்து எரிஞ்சுச்சு. டாக்டர் திட்டுனாரு.

"ஏண்டி, அந்தப் பொம்பளை ஏன் ஓடிப் போகல?"ன்னு கேட்டேன்.

"புத்தகத்துல அது இன்னும் வரல"ன்னா.

"அவளுக்கு அண்ணன் தம்பி இல்லையா? வந்து நாலு சாத்து சாத்த மாட்டானா?"

"இருந்தான். ஒரு தடவை வந்தான். படகுக்காரன் அவனுக்கு டீ வாங்கிக் குடுத்து, பொறுத்துப் போகச் சொல்லு உன் தங்கச்சியைன்னு அனுப்பிச்சு விட்டான்."

"முடிவு என்ன?"

"அவனுக்குக் கண்ணு மங்கிருது. படகுல வழி காட்ட அவளைத்தான் கூட்டிட்டுப் போறான். நடுக்கடல்ல தள்ளிவிட்டுட்டுக் கரைக்கு வந்து, வலையைக் காயப்போடுறா."

எனக்குப் பிடிக்கல. எத்தனை இருந்தாலும் புருசன் இல்லையா? அதை மட்டும் கூட்டத்துல மாத்திச் சொல்லணும்னு நெனைச்சுக்கிட்டேன்.

சூன் மாசக் கூட்டம். பேசுனேன் பாருங்க, என் ஆயுசுல அப்படிப் பேசுனதில்ல. கொழம்புச் சட்டி, காது, கொடிக்கம்பி, விரலு, ஒண்ணு விடாமச் சொன்னேன். சொல்லிட்டு மைக்கை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, "இவன் மனுசனே இல்ல. இவனையெல்லாம் முச்சந்தியில கட்டி வச்சுத் தோலை உரிக்கணும்"னேன். "ஆனாலும் அந்தத் தாய் அவனை மன்னிச்சா, அதுதான் தமிழ்ப் பெண்"ன்னு முடிச்சேன். கைதட்டுவாங்கன்னு நின்னேன். ஒருத்தரும் தட்டல. கண்ணாடியைக் கழட்டிட்டுப் பாக்குறேன், மங்கலாத்தான் தெரியுது, ஆனா ரஞ்சிதம் அழுகுறது தெரியுது.

ஜெபமணி மெதுவா எந்திரிச்சாரு. "ஐயா, இந்த நாவலை நான் ரெண்டு தடவை படிச்சிருக்கேன். இது உப்பளத்துல வேலை செய்யுற பொம்பளைங்க வேலைநிறுத்தம் பண்ற கதை. இதுல படகே கெடையாது"ன்னாரு.

ரெண்டு பேரு சிரிச்சாங்க. அதுக்குள்ள ரஞ்சிதம் எந்திரிச்சிருச்சு. "சிரிக்காதீங்க"ன்னுச்சு. என்னைப் பாத்து, "நீங்க இந்திராணியைக் காதுல ரெத்தத்தோட கூட்டிட்டு வந்த அன்னைக்கு டியூட்டியில இருந்தது நான்தான். கொடிக்கம்பின்னு நீங்க அவங்களைச் சொல்ல வைக்க, சீட்டுல எழுதுனதும் நான்தான். பச்சைப் புள்ளை நெத்தியில காய்ஞ்ச ரெத்தம் இருந்துச்சு. இத்தனை வருசமா எனக்கு அது மறக்கல"ன்னுச்சு.

அப்பத்தான் எனக்கு ஒறைச்சுச்சு. இவ என்ன வேலை பண்ணியிருக்கான்னு. வீட்டு விசயம்! அதை என் வாயாலயே, மைக்கு வச்சு, ஊருக்குச் சொல்ல வச்சிருக்கா. சொல்லுங்க, இது எந்த ஊரு நியாயம்? அதுவும் கூட்டிக் குறைச்சு. அந்தப் படகுக்காரன் குடிச்சிட்டு அடிச்சான். நான் ஒரு சொட்டுத் தொட்டதில்ல. என்னையும் அவனையும் ஒண்ணாக்குறதா?

ஏம்மா, அழுத்துறதை நிறுத்திட்டீங்க? கேக்குறீங்கல்ல? சரி.

வீட்டுக்கு ஆட்டோவுல வந்தேன். செருப்பைக் கூடக் கழட்டல. அவ ஸ்டூல்ல உக்காந்து அதே புத்தகத்தைப் படிச்சுக்கிட்டு இருக்கா. நான் வந்து நிக்கிறேன், தலையை நிமித்தல. முடியைக் கொத்தாப் பிடிச்சுத் தூக்குனேன். புத்தகத்தைப் பிடுங்குனேன், விட மாட்டேங்கிறா. அட்டை கிழிஞ்சு என் கையில வந்துருச்சு, மிச்சத்தை நெஞ்சோட அணைச்சுக்கிட்டா. எனக்கு வெறியாயிருச்சு. தலையைப் பிடிச்சுப் பீரோக் கதவுல மோதுனேன். நல்ல கனமான கேஜ் தகடு அது, கோயில் மணி மாதிரி கேட்டுச்சு. புருவம் கிழிஞ்சு ரெத்தம் கொட்டுது. "யாரைக் கேட்டுடி சொன்ன? யாரைக் கேட்டு?"ன்னு கேக்குறேன். கீழ் தட்டுல இருந்த புத்தகத்தையெல்லாம் வாரி வாரி அவ மேல எறிஞ்சேன். தடித்தடி அகராதி, கலைக்களஞ்சியம், கைக்கு வந்தது எல்லாம். ஒண்ணு அவ வாயில பட்டு உதடு பிஞ்சுருச்சு. அவ கையைக் கூடத் தூக்கல. எறிய எறியப் பின்னாடியே நகந்து, பீரோவுக்கும் சுவத்துக்கும் நடுவுல போயிட்டா.

இங்கதான் என் நேரம். அந்தச் சுவத்துல ஓதம் அடிக்குதுன்னு பீரோவை ரெண்டடி தள்ளிப் போட்டிருந்தேன். சுவத்தோட பிடிச்சு வைக்கிற கிளாம்ப் அடிக்கல. வாங்க வர்றவன்கிட்டயெல்லாம் கிளாம்ப் அடிங்க, கிளாம்ப் அடிங்கன்னு சொல்றவன், என் வீட்ல அடிக்கல. கீழ் தட்டு பூரா நானே காலி பண்ணிட்டேன். மேல் தட்டு பூரா பாரம். ரெண்டு கதவும் விரியத் தெறந்து கெடக்கு. தொழில் தெரிஞ்சவன் சொல்றேன், அந்த நெலமையில ஒரு கொழந்தை தள்ளுனா போதும். அவளை எட்டிப் பிடிக்கப் போனவன், கீழ சிதறிக் கெடந்த புத்தகத்துல கால் வழுக்கி மல்லாக்க விழுந்தேன். அண்ணாந்து பாக்குறேன், பீரோ என்னைப் பாத்துக் குனியுது.

எலும்பு முறியுற சத்தம் கேட்டிருக்கீங்களா? நீங்க கேட்டிருப்பீங்க. காஞ்ச கரும்பு ஒடிக்கிற மாதிரி. ரெண்டு காலும் அடியில. மேல புத்தகம் கொட்டுது, கொட்டுது, நின்ன பாடில்ல. நெஞ்சு மேல, முகத்து மேல. மூச்சு வாங்க முடியல. கத்துனேன். "ஐயோ, யாராவது வாங்க"ன்னு தொண்டை கிழியக் கத்துனேன். பக்கத்து வீட்ல ஆளு இருக்கு. என்ன பண்ணுனாங்க தெரியுமா? டி.வி. சத்தத்தைக் கூட்டுனாங்க. எங்க வீட்ல சத்தம் கேட்டா அவங்க எப்பவுமே அப்படித்தான், டி.வி.யைக் கூட்டிருவாங்க. நல்ல மனுசங்க, குடும்ப விசயத்துல தலையிட மாட்டாங்க. அன்னைக்கு அதுவே எனக்கு எமனாயிருச்சு.

இந்திராணி என்ன பண்ணுனா? கவுந்து கெடந்த ஸ்டூலை நிமித்திப் போட்டா. முந்தானையால கண்ணை மறைச்ச ரெத்தத்தைத் தொடைச்சா. உக்காந்தா. அட்டை போன அந்தப் புத்தகத்தை விரிச்சா.

"உங்களுக்கு நெசமான கதை தெரிய வேண்டாமா? அடுத்த கூட்டத்துல யாராவது கேட்டா என்ன சொல்லுவீங்க?"ன்னா.

படிச்சா. சத்தமாப் படிச்சா. நான் கீழ கெடந்து கதறுறேன், அவ உப்பளத்துல பொம்பளைங்க எப்படி நடக்குறாங்க, காலு எப்படி வெடிக்குதுன்னு படிச்சுக்கிட்டு இருக்கா. உதட்டுல இருந்து ரெத்தம் புத்தகத்து மேல விழுது, விரலால வழிச்சு எடுத்துட்டு அடுத்த வரியைப் படிக்கிறா. அவ குரலு எங்க வீட்ல அவ்வளவு சத்தமாக் கேட்டு நான் பாத்ததே இல்ல. இடையில நான் மயங்கிட்டேன். முழிச்சுப் பாத்தா இன்னும் படிக்கிறா. "கொல்றியாடி?"ன்னு கேட்டேன். "இந்த அத்தியாயம் முடியட்டும்"னா. முடிச்சா. பக்கத்தை மடக்கி வச்சா. அப்புறந்தான் நூத்தியெட்டுக்கு போன் போட்டா. என் சர்க்கரை மாத்திரையைப் பையில போட்டு அவங்க கையில குடுத்தா. கூட வரல.

ஆஸ்பத்திரியில, எப்படி ஆச்சுன்னு கேட்டாங்க. பொண்டாட்டி தள்ளுனான்னு எந்த ஆம்பளை சொல்லுவான்? பீரோ தானா விழுந்துச்சுன்னேன். கேஸ் குடுக்கலாம்னு என் தம்பி குதிச்சான். நான்தான் வேண்டாம்னுட்டேன். அது என் பெருந்தன்மை. அதை யாரும் பேச மாட்டேங்கிறாங்க. ரஞ்சிதம் இந்திராணியைக் கூட்டிக்கிட்டுப் போயி மகளிர் ஸ்டேசன்ல என் மேலதான் எழுதிக் குடுத்திருக்கு! பொற்கொடி கோயமுத்தூர்ல இருந்து வந்தா. நான் பெத்த புள்ளை, அப்பா காலு எப்படி இருக்குன்னு கேக்கணுமா இல்லையா? கட்டில் பக்கத்துல நின்னு என்னையே பாத்தா. "அப்பா, என் நெத்தியில விழுந்தது அம்மா ரெத்தமா?"ன்னு ஒண்ணே ஒண்ணு கேட்டா. போயிட்டா. யாரு சொல்லிக் குடுத்தாங்களோ.

வட்டத்துல என்னைத் தலைவர் பதவியில இருந்து தூக்கிட்டாங்க. எனக்குப் பதிலா இந்திராணி போறாளாம், பேசுறாளாம். என் புத்தகம்! நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப பொற்கொடியோட வந்து மூட்டை கட்டிக்கிட்டுப் போயிட்டா. "சொந்தப் புத்தகந்தான் கணக்குன்னு சவால்ல இருக்கே"ன்னு யாரோ கேட்டிருக்காங்க. "வாங்குனது அவரு. இது ஒவ்வொண்ணாலயும் அடி வாங்குனது நான்"னு சொல்லியிருக்கா. அதுக்குக் கைதட்டு வேற. சால்வை அவளுக்குத்தானாம், இப்பவே முடிவு பண்ணிட்டாங்களாம். எனக்கு மனசு எப்படி இருக்கும்னு நெனைச்சுப் பாருங்க.

சரி, நடந்தது நடந்துபோச்சு. நீங்க சொல்லுங்க, நான் எப்ப நடப்பேன்? நடந்தா மட்டும் போதாது, படி ஏறணும். ரஞ்சிதம் வீட்டு மாடியிலதான் அவ இருக்கா. மத்தியானத்துல அந்த ரஞ்சிதம் கோயிலுக்குப் போயிரும், விசாரிச்சு வச்சிருக்கேன். இவ தனியாத்தான் உக்காந்து படிச்சுக்கிட்டு இருப்பா. இடது பக்கமாப் போனா ஆளு வர்றது கேக்கவும் செய்யாது. பேசத்தான் போறேன். புருசன் பொண்டாட்டிக்குள்ள பேசித் தீக்காத விசயம் உண்டா? ரெண்டு கையும் எனக்கு நல்லாத்தான் இருக்கு, இந்தக் காலு ஒண்ணுதான் பாக்கி. நீங்க மட்டும் சீக்கிரமா இந்த முட்டியை மடக்க வச்சுட்டீங்கன்னா...

என்னம்மா, கையை எடுத்துட்டீங்க? இன்னும் நேரம் இருக்கே. இன்னொரு காலு பாக்கி இருக்கே. பெல்ட்டையெல்லாம் ஏன் பையில போடுறீங்க? யாருக்கு போன் பண்ணப் போறீங்க? மகளிர் ஸ்டேசனுக்கா? நான் தப்பா ஒண்ணும் சொல்லலையே.

நான் பிடிச்சு எந்திரிக்கிற அந்த வாக்கரை எங்க கொண்டு போறீங்க? அது கட்டிலை ஒட்டி இருக்கணும்மா, சமையல்காரம்மா சாயங்காலந்தான் வரும். அங்கிட்டு வைக்காதீங்க. வாசப்படிகிட்ட வச்சா எனக்கு எட்டாது. ஏம்மா... எனக்கு எட்டாதும்மா!